இடப்பக்கம் ஒரு முழம்

துப்பாக்கி விழுந்த சத்தம் அப்படியொன்றும் பெரிதாக இல்லை. பிக்கப் வண்டியின் பம்பரில் சாய்த்து வைத்திருந்தது வழுக்கிக்கொண்டு போய்ச் சரளைக்கல்லில் படுத்தது, அவ்வளவுதான். ஆனாலும் வெர்லா திடுக்கிட்டுத் திரும்பினாள். அடிக்கட்டைப் பக்கம் விழுந்திருந்தால் பரவாயில்லை. மேலே மாட்டியிருந்த, குறி பார்க்கும் ஸ்கோப் கல்லில் மோதும்படி குப்புற விழுந்திருந்தது.

அவள் முதலில் செய்தது துப்பாக்கியை எடுப்பது அல்ல. யாராவது பார்த்துவிட்டார்களா என்று சுற்றுமுற்றும் பார்ப்பது. அவள் கணவன் ஆர்லன் கூடாரத்துக்குப் பின்னால் கோவேறு கழுதைக்குத் தண்ணீர் காட்டியபடி ஏதோ ஒரு பாட்டைக் கொலை செய்துகொண்டிருந்தான். அவன் பார்க்கவில்லை. அந்த மலையில் வேறு மனித வாடையே கிடையாது. அதற்குப் பிறகுதான் குனிந்து எடுத்தாள்.

துப்பாக்கியை வண்டியில் சாய்த்து வைக்காதே என்று அந்த வட்டாரத்தில் எல்லோரையும் விரட்டுகிறவள் அவளேதான். போன வருஷம் ஆர்லனின் தம்பி அப்படிச் சாய்த்து வைத்தான் என்று, அவன் பெண்டாட்டி பிள்ளைகள் முன்னாலேயே காய்ச்சி எடுத்துவிட்டாள். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள், குரலுக்குப் பஞ்சமில்லை. அந்தத் தம்பிக்கு மட்டும் இது தெரிந்தால் அடுத்த பத்து கிறிஸ்துமஸுக்கும் அவனுக்குப் பேச்சு இதுதான்.

அந்தத் துப்பாக்கியை அமைத்தது முழுக்க அவள் கை வேலை. தூரத்து மானைச் சுட வேண்டுமென்றால் துப்பாக்கி வாங்கினால் போதாது, அதை அமைக்க வேண்டும்; அதில் பாதிப் பேர் செய்கிற அவசரம் அவளுக்கு ஆகாது. கோடையில் சமையலறை மேசையில் துண்டை விரித்து அதன்மேல் துப்பாக்கியைப் படுக்க வைத்து, ஸ்கோப்பைத் தாங்கும் வளையங்களை எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைத்தாள். ரசமட்டம் வைத்து, உள்ளே தெரியும் குறுக்குக்கோடு நட்டக்குத்தலாக நிற்கிறதா என்று பார்த்தாள். முறுக்கு அளவு காட்டும் திருப்புளியால் ஒவ்வொரு திருகாக மாற்றி மாற்றி இறுக்கினாள். கடைசியில் ஒவ்வொரு திருகின் தலையிலிருந்தும் பக்கத்து இரும்புக்கு மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று தீட்டினாள். திருகு இம்மி நகர்ந்தாலும் கோடு முறிந்து காட்டிக்கொடுத்துவிடும். ஆர்லன் காப்பி ஊற்ற வரும்போதெல்லாம், துப்பாக்கிக்குக் கல்யாணம் எப்போது, மாப்பிள்ளை யார் என்று கேட்டுவிட்டுப் போவான். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாள். அதற்குப் பிறகு வாரக் கணக்காகச் சரளைக் குழியில் போய்ப் படுத்து, நூறு கஜத்தில் ஒரே துளையில் குண்டு விழும்வரை சரிபார்த்தாள். இருநூறு, நானூறு, அறுநூறு கஜத்துக்கு ஸ்கோப்பின் குமிழை எவ்வளவு திருக வேண்டும் என்று துப்பாக்கிக் கட்டையில் டேப் ஒட்டி எழுதி வைத்தாள்.

இப்போது அதே வெள்ளைக் கோடுகளைக் கை விளக்கின் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒன்றும் முறியவில்லை. கண்ணாடியில் கீறல் இல்லை. ஸ்கோப் குழலின் பக்கத்தில் மட்டும் நகத்தளவு சிராய்ப்பு.

விழுந்த துப்பாக்கியை இரண்டு குண்டு சுட்டுப் பார்க்காமல் நம்பக்கூடாது. அந்த மாண்டானா மலைநாட்டில் பல் முளைத்த பிள்ளைக்குக்கூட இது தெரியும். ஆனால் எதிர்ச் சரிவில் எல்க் மான் கூட்டம் ஒன்று மேய்வதை அன்று சாயந்திரம்தான் இருவரும் பார்த்திருந்தார்கள். இங்கே ஒரு வேட்டுச் சத்தம் கேட்டால் கூட்டம் மலை தாண்டி அடுத்த மாவட்டத்துக்கே போய்விடும். வருஷத்துக்கு ஒரு மான், அதுதான் அவர்கள் வீட்டுக் குளிர்காலக் கறி. அதைவிட, சுட்டுப் பார்க்க வேண்டுமென்றால் ஏன் என்று ஆர்லனுக்குச் சொல்ல வேண்டும். கோடுதான் முறியவில்லையே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு துப்பாக்கியை உறைக்குள் வைத்தாள். சொல்லியிருந்தால் அரை நாள் கேலியோடு முடிந்திருக்கும்.

மறுநாள் காலையில் பள்ளத்தாக்கின் இந்த விளிம்பில், பாறை மேல் படுத்து, அவள் அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு மானைச் சுட்டாள். தூரம் அறுநூறு கஜத்துக்குக் கொஞ்சம் குறைவு. மான் இடப்பக்கம் தலை வைத்துப் பக்கவாட்டில் நின்றது. காற்று வலப்பக்கத்திலிருந்து அடித்தது, புல் சாய்வதைப் பார்த்து அதற்கும் சேர்த்துக் கணக்குப் போட்டாள். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், நெஞ்சுக்கூட்டைக் குறி வைத்து விசையை அழுத்தினாள். மான் நின்ற இடத்திலேயே சுருண்டு விழுந்தது.

பக்கத்தில் முக்காலித் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்த ஆர்லன் அவள் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான்.

"கழுத்துல போட்டிருக்க மகராசி. கழுத்து அடியில சரியா. ஒரு துண்டு கறிகூட வீணாகல."

வெர்லா தொலைநோக்கிக்கு நகர்ந்து தானும் பார்த்தாள். அவள் கழுத்தைச் சுடவில்லை. அந்தத் தூரத்தில் கழுத்தைச் சுட முயல்கிறவன் கிறுக்கன் என்று சொல்கிறவள் அவள். வைத்த குறியிலிருந்து இடப்பக்கம் ஒரு முழம் தள்ளிப் போய்க் குண்டு விழுந்திருக்கிறது. காற்றாக இருக்கும் என்று நினைத்தாள். பள்ளத்தாக்கின் நடுவே காற்று பலமாக அடித்திருக்கும், இந்தப் பக்கத்துப் புல்லைப் பார்த்துப் போட்ட கணக்கு அங்கே பலிக்காது. அப்படித்தான் இருக்க வேண்டும். அல்லது நேற்று விழுந்ததாலா? நேற்று விழுந்ததால் இருக்கக்கூடாது.

"கழுத்தையேதான் பாத்தியா?" என்று அவன் கேட்டான். அந்தக் குரலில் கேலியே இல்லை. இருபது வருஷத்தில் அவன் அப்படிக் கேட்டது அவளுக்கு நினைவில்லை.

"ம்," என்றாள்.

அந்த ஒற்றை எழுத்தை அவள் பிறகு நாள் முழுக்க மென்றுகொண்டிருக்க வேண்டியதாயிற்று.

தூரத்து வேட்டையில் ஒரு வழக்கம் உண்டு. சுட்டவர் சுட்ட இடத்திலேயே இருக்க வேண்டும், மற்றவர்தான் எதிர்ப்பக்கம் போக வேண்டும். பள்ளத்தில் இறங்கி, ஓடையைத் தாண்டி, எதிர்ச் சரிவில் ஏறினால் இங்கிருந்து பார்த்த பாறையும் மரமும் அங்கே வேறு முகம் காட்டும். விழுந்த மானுக்குப் பத்தடி பக்கத்திலேயே நின்றுகொண்டு மத்தியானம்வரை தேடினவர்கள் உண்டு. அதனால் இங்கே இருப்பவர் தொலைநோக்கியில் பார்த்து, ஆரஞ்சு மேல்சட்டையைக் கையில் பிடித்து வழி காட்டுவார். வலப்பக்கம் நீட்டினால் வலப்பக்கம் போ. இடப்பக்கம் நீட்டினால் இடம். கீழே இறக்கினால் இறங்கு. தலைக்கு மேல் சுற்றினால் நீ நிற்கிற இடம்தான். ரேடியோவில் பேசிக்கொண்டு வேட்டையாடுவது அங்கே குற்றம் என்பதால் அவர்கள் அதைக் கொண்டு வருவதே இல்லை. போன் அந்தப் பள்ளத்தாக்கில் வெறும் கடிகாரம்.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஆள் அந்தப் பக்கம் இருக்கும்வரை துப்பாக்கி காலியாக இருக்க வேண்டும், அதன் குழாய் வேறு திசை பார்க்க வேண்டும், அதன் கண்ணாடி வழியாக ஆளைப் பார்க்கவே கூடாது. பார்க்கத்தான் முக்காலி இருக்கிறது. ஆர்லன் கிளம்பும்போது வெர்லா தோட்டாக்களை எடுத்து அவன் கண் முன்னால் தன் சட்டைப் பைக்குள் போட்டுப் பொத்தானை மூடினாள்.

"தூங்கிடாத. நான் அங்க பேந்தப் பேந்த முழிச்சா வழி சொல்றது நீதான்," என்று சொல்லிவிட்டு அவன் இறங்கினான்.

அவன் எதிர்ச் சரிவில் தலை காட்டும்போது வெயில் நன்றாக ஏறியிருந்தது. வெர்லா மேல்சட்டையை வலமும் இடமும் நீட்டி அவனை மானுக்கு நேராகக் கொண்டுவந்து சேர்த்தாள். பிறகு தலைக்கு மேல் சுற்றினாள். அவன் தொப்பியைக் கழற்றி அரசியைக் கும்பிடுவது போல் குனிந்து ஒரு கும்பிடு போட்டான். மேல்கோட்டையும் இடுப்புப் பட்டையையும் கழற்றிப் பட்டுப்போன மரம் ஒன்றில் மாட்டிவிட்டுக் கத்தியைத் தீட்டத் தொடங்கினான். அந்தப் பட்டையில்தான் கரடியின் முகத்தில் காரம் பீய்ச்சும் குப்பி செருகியிருந்தது. அதைக் கழற்றாதே என்று இங்கிருந்து எப்படிச் சொல்வது? அதற்குச் சைகை கிடையாது.

அவன் வேலை செய்யச் செய்ய அவள் அவனைப் பார்ப்பதும், பக்கத்தில் கிடக்கும் துப்பாக்கியைப் பார்ப்பதுமாக இருந்தாள். காற்றுதான், காற்றுதான் என்று சொல்லிக்கொண்டாள். காலைக் காற்று இதற்குள் நின்றுபோய், மெல்ல எதிர்த்திசையில் திரும்பி இடப்பக்கத்திலிருந்து வீசத் தொடங்கியிருந்தது. அதனால் என்ன என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

வலப்பக்கத்துப் பைன் காட்டின் ஓரத்தில் ஏதோ அசைந்தபோதுதான் தோன்றியது. அறுத்த மானின் வாடையை அந்தக் காற்று நேராக அந்தக் காட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது. போதாததற்குக் காலையில் வேட்டுச் சத்தம் வேறு. அந்த மலைக் கரடிகளுக்குத் துப்பாக்கிச் சத்தம் சாப்பாட்டு மணி.

அது கிரிஸ்லிக் கரடி. தோளில் திமில் தெரிந்தது. அவசரமே இல்லாமல், மூக்கை உயர்த்தி முகர்ந்துகொண்டு, தலையைத் தொங்கப் போட்டு நடந்து வந்தது. அதற்கும் ஆர்லனுக்கும் நடுவே ஒரு மேடும் புதர்களும் இருந்தன. காற்று அவன் பக்கத்திலிருந்து கரடிப் பக்கம் போவதால் அதன் வாடையும் அவனுக்கு வராது, சத்தமும் வராது. அவன் முதுகைக் காட்டிக்கொண்டு, முழங்கைவரை ரத்தத்தோடு குனிந்திருந்தான்.

வெர்லா கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். கீழே ஓடை இரைந்து ஓடிக்கொண்டிருந்தது, அவள் குரல் அந்த ஓடையைக்கூடத் தாண்டியிருக்காது. மேல்சட்டையை எடுத்து இரண்டு கையாலும் வீசினாள். நெடுநேரம் கழித்து அவன் முதுகை நிமிர்த்தினான், இந்தப் பக்கம் பார்த்தான். அவள் சட்டையை இடப்பக்கம் நீட்டினாள், கீழே இறக்கினாள், மறுபடி இடப்பக்கம் நீட்டினாள். போ, அங்கிருந்து போ.

ஆர்லன் பைனாகுலரை எடுத்துப் பார்த்தான். பிறகு காலடியில் கிடந்த மானைக் கையால் சுட்டிக் காட்டினான். அதன் கொம்பைப் பிடித்துத் தலையைத் தூக்கி, இதோ இருக்கிறதே, உனக்குக் கண் தெரியவில்லையா என்பது போல் ஆட்டினான். அவன் தோள் குலுங்குவது தொலைநோக்கியில் தெரிந்தது. சிரிக்கிறான். அவள் கேலி செய்கிறாள் என்று நினைத்துச் சிரிக்கிறான். பிறகு மறுபடி குனிந்துவிட்டான்.

சாப்பாடு கொண்டு வா என்பதற்குச் சைகை வைத்திருந்தார்கள். கழுதையை அவிழ்த்துக்கொண்டு வா என்பதற்கு வைத்திருந்தார்கள். கரடிக்கு மட்டும் ஒன்று வைத்துக்கொள்ளத் தோன்றவே இல்லை. வெர்லா அழுதுகொண்டே துப்பாக்கியை இழுத்தாள்.

பொத்தானைக் கழற்ற விரல் ஒத்துழைக்கவில்லை, பையைக் கிழித்துத் தோட்டாக்களை எடுத்தாள். ஒன்று கல்லிடுக்கில் விழுந்து உருண்டு போயிற்று. மீதி இரண்டு. அவற்றைத் திணித்து, பாறையில் படுத்து, ஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். வட்டத்துக்குள் வலப்பக்கம் கரடி. இடப்பக்கம், கொஞ்சம் பின்னால் தள்ளி, இங்கிருந்து பார்க்க ஒரு முழ இடைவெளியில், ஆர்லனின் ஆரஞ்சுத் தொப்பி. இரண்டும் ஒரே வட்டத்துக்குள் இருந்தன.

கரடி அவனை நெருங்க நெருங்க அந்த இடைவெளி குறைந்துகொண்டே வரும். துப்பாக்கி சரியாக இருக்கிறது, காலையில் தவறியது காற்றால் மட்டும்தான் என்றால், கரடியை நேராகக் குறி வைத்துச் சுடலாம். துப்பாக்கி கெட்டுப்போய் இடப்பக்கம் அடிக்கிறது என்றால், கரடியை நோக்கிப் போகிற குண்டு ஆர்லனை நோக்கிப் போகும். ஒரு முழம். நேற்றே இரண்டு குண்டு சுட்டிருந்தால் இது அவளுக்குத் தெரிந்திருக்கும். இப்போது தெரியாது. தெரியாமல் விசையைத் தொடும் துணிச்சல் அவளுக்கு வரவில்லை. தொடாமல் இருக்கும் துணிச்சலும் இல்லை.

கரடிக்கு மேலே, இன்னும் வலப்பக்கம், மனிதனை விட்டு வெகு தூரம் தள்ளி, வெளிறிய பாறை ஒன்று இருந்தது. படுத்திருக்கும் பசு அளவு. அதன் நடுவில் கறுப்பாக ஒரு பாசித் திட்டு. வெர்லா கறுப்புத் திட்டின் மேல் குறுக்குக்கோட்டை வைத்தாள். இரண்டு குண்டில் ஒன்றைக் கல்லுக்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்தேதான் வைத்தாள். மூச்சைப் பாதி விட்டு அழுத்தினாள்.

பாறையில் வெள்ளைத் தூள் பறந்தது. கறுப்புத் திட்டில் இல்லை. இடப்பக்கம் ஒரு முழம் தள்ளி.

காற்று இப்போது இடப்பக்கத்திலிருந்துதான் வீசுகிறது. குண்டைத் தள்ளியிருந்தால் வலப்பக்கம் அல்லவா தள்ளியிருக்க வேண்டும்.  துப்பாக்கி கெட்டிருக்கிறது. திருகுக் கோடு முறியாமலே கெட்டிருக்கிறது. கரடியை நேராகக் குறி வைத்திருந்தால் இந்நேரம் ஆர்லன் விழுந்திருப்பான், அவளே கொன்றிருப்பாள்.

வேட்டுச் சத்தம் கேட்டு ஆர்லன் எழுந்து நின்றான். இரண்டாவது மான் ஏதோ மாட்டிவிட்டது என்று நினைத்திருப்பான் போல, தொப்பியைக் கழற்றித் தலைக்கு மேல் சுற்றினான். இன்னும் நன்றாகப் பார்க்கலாம் என்று மேட்டின் மேல் ஏறினான். மேடு வலப்பக்கம் இருந்தது. கரடியும் வலப்பக்கம்தான் இருந்தது.

ஏறாதே, ஏறாதே, ஏறாதே என்று வெர்லா முனகினாள். சத்தத்துக்கு ஒரு கணம் நின்ற கரடி, சாப்பாட்டு மணி இரண்டாவது முறை அடித்த சந்தோஷத்தில் வேகமாக நடக்கத் தொடங்கியது. மேட்டின் இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் அது. அங்கே ஆர்லன் ஏதோ கூவியிருக்க வேண்டும், வாய் திறந்தது தெரிந்தது. கரடி சட்டென்று நின்று தலையைத் தாழ்த்தி அவன் பக்கம் காதை வைத்தது.

நின்றதுதான் அவளுக்குக் கிடைத்த ஒரே நேரம். கரடியின் நெஞ்சிலிருந்து குறுக்குக்கோட்டை வலப்பக்கம் நகர்த்தினாள். ஒரு முழம். இப்போது கோட்டுக்கு நேரே வெறும் புல்தான் இருந்தது. ஒன்றுமில்லாத இடத்தைக் குறி வை என்று மனசு சொல்கிறது, கரடியைப் பார் என்று கண் சொல்கிறது. கண் போன பக்கமெல்லாம் கோடும் இழுத்துக்கொண்டு போயிற்று. திரும்பப் புல்லுக்குக் கொண்டுவந்தாள். கை நடுங்கியது. ஆர்லனின் தொப்பி கரடிக்கு இடப்பக்கத்தில் ஆடிக்கொண்டே இருந்தது. அவள் விசையை அழுத்தவில்லை, பிடுங்கினாள்.

கரடியின் முன்னங்காலுக்கு முன்னால் இருந்த பலகைக்கல் வெடித்துச் சிதறியது. சில்லுகள் அதன் முகத்தில் தெறித்தன. அது பின்னங்காலில் எழுந்து நின்றது, அப்போதுதான் மேட்டின் மேல் நின்ற ஆர்லன் அதைப் பார்த்தான். ஒருவரையொருவர் அவர்கள் பார்த்துக்கொண்ட அந்த நேரத்தில் துப்பாக்கியில் குண்டு இல்லை. வெர்லாவால் செய்யக்கூடியது எதுவும் இல்லை.

கரடிதான் முதலில் திரும்பியது. தலையை உதறிக்கொண்டு வந்த வழியே காட்டுக்குள் பாய்ந்தது. ஆர்லன் ஓடவில்லை, ஓடக்கூடாது என்று அவனுக்குத் தெரியும். முகம் திருப்பாமல் பின்னோக்கியே நடந்து மரத்தடிக்கு வந்து இடுப்புப் பட்டையைப் பறித்துக்கொண்டான். மானையும், மேல்கோட்டையும், கத்தியையும் அப்படியே போட்டுவிட்டுச் சரிவில் இறங்கினான்.

அவன் இந்தப் பக்கம் ஏறி வரும்வரை வெர்லா இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. எழுந்து போய்க் கை கொடுத்துத் தூக்கி விட்டிருக்கலாம்.  அவன் முகம் மாவு பூசியது போல் வெளுத்திருந்தது. ஆனாலும் வாய் வாய்தான்.

"ரெண்டு பேரும் மேட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமா நின்னுருக்கோம். நான் வேற பாட்டுப் பாடிட்டிருந்தேன். பாட்டைக் கேட்டுத்தான் நின்னுருக்கும்னு நினைக்கிறேன்."

 அவன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தான். பாதித் தண்ணீர் தாடியில் வழிந்தது. சற்றுநேரம் மூச்சு வாங்கிவிட்டு, காலையில் பேசிய அதே கேலியில்லாத குரலில் பேசினான்.

"கரடியைக் கொல்லாம, காலுக்கு முன்னால கல்லுல போட்டு விரட்டினியே. நடுங்குற நேரத்துலயும் என்ன குறி வெர்லா. ஊர்ல சொன்னா ஒருத்தன் நம்ப மாட்டான்."

இதற்கும் 'ம்' என்று சொல்லிவிடலாம். அவன் நம்புவான். ஊர் முழுக்கச் சொல்வான். அந்தத் தம்பிகூட வாயை மூடிக்கொள்வான்.

"கல்லைக் குறி வைக்கல," என்றாள் வெர்லா. "நெஞ்சுல போடத்தான் பாத்தேன். கை நடுங்கித் தவறிடுச்சு."

"தவறினதும் நல்லதுக்குத்தான்."

"காலையில கழுத்துல பட்டதும் தவறினதுதான். நான் கழுத்தைப் பாக்கல."

அவன் தண்ணீர்க் குப்பியைக் கீழே வைத்தான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். வண்டியில் சாய்த்து வைத்தது, விழுந்தது, கோடுகளைப் பார்த்துச் சமாதானம் சொல்லிக்கொண்டது, கல்லின் மேல் சுட்டுப் பார்த்தது. ஆர்லன் குறுக்கே பேசவே இல்லை. அவன் குறுக்கே பேசாமல் இருந்ததே அவளுக்குப் பயமாக இருந்தது.

"அப்போ முதல் வேட்டு எனக்குச் சைகை இல்ல," என்றான் கடைசியில்.

"துப்பாக்கி எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாக்க."

"ரெண்டாவது வேட்டுக்கு எங்க குறி வச்ச?"

"வலப்பக்கம். வெறும் புல்லு மேல."

"நேரா கரடி மேல வச்சிருந்தா?"

வெர்லா அவன் தொப்பியைப் பார்த்தாள். ஆர்லன் தன் ஆரஞ்சுத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, இடக்கையை முழங்கையிலிருந்து விரல் நுனிவரை நீட்டிப் பார்த்தான். அந்தத் தூரத்தைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தான்.  

அவன் நகர்ந்து போய் முக்காலித் தொலைநோக்கியில் கண்ணை வைத்தான். நெடுநேரம் பார்த்துவிட்டு அவளையும் பார்க்கச் சொன்னான். கரடி திரும்பி வந்திருந்தது. மானின் மேல் படுத்துக்கொண்டு நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. அது படுத்திருந்தது காலை முழுக்க ஆர்லன் மண்டியிட்டிருந்த அதே இடம். குளிர்காலம் முழுமைக்குமான கறி அங்கே போய்க்கொண்டிருந்தது. மரத்திலிருந்த அவன் மேல்கோட்டையும் இழுத்துக் கீழே போட்டிருந்தது.

"நேத்தே சொல்லியிருந்தா?" என்று ஆர்லன் கேட்டான்.

"ரெண்டு குண்டு சுட்டுப் பாத்திருப்போம். மான் எல்லாம் ஓடியிருக்கும்."

"ஓடியிருக்கட்டுமே, வெர்லா," என்றான் அவன். அவ்வளவு மெதுவாக அவன் அவள் பெயரைச் சொல்லி அவள் கேட்டதே இல்லை. "ஓடியிருக்கட்டுமே."